மழைக்கு ஒதுக்கிய பாடவேளை

ந்யாருகொரோ தொடக்கப் பள்ளி,
கபாலே மலைப்பக்கம்.
ஏப்ரல் 27, ஞாயிறு.

என் மூத்த மகளும், கம்பாலாவில் கணினி நிறுவனத்தில் பொறுப்பான வேலையில் இருப்பவளுமான கியாரிசீமாவுக்கு, உன் தகப்பன் கெசேக்கியா எழுதிக்கொண்டது. நாங்கள் எல்லோரும் சுகம். உன் அம்மா ஜெனினாவுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது, அதைக் குறையவில்லை என்று சொல்லும்படி கேட்டுக்கொண்டாள், ஏனென்று எனக்குத் தெரியாது. உருளைக்கிழங்குக்கு இரண்டாம் களை எடுத்தாகிவிட்டது. சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது. உன் சுகத்துக்குத் தினமும் ஜெபிக்கிறோம்.

கையில் போன் இருக்கும்போது இந்த மனிதர் எதற்குக் காகிதத்தில் எழுதி பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறார் என்று நீ நினைப்பாய். சொல்லவேண்டிய விஷயம் அப்படிப்பட்டது. போனில் சொன்னால் பாதியிலேயே நீ "அப்பா, என்னப்பா இது" என்பாய், அதற்குமேல் எனக்கு வாய் வராது. காகிதம் குறுக்கே பேசாது. ஆகையால் உட்கார்ந்து, முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படு.

நீ அனுப்பிவைத்த இருபத்துநான்கு டேப்லெட்டும் பிப்ரவரி பத்தாம் தேதி வந்து சேர்ந்தன. உன் மேலாளர் திருமதி நமுலோண்டோ முன்னால் நின்று, "எங்க அப்பா இருக்கிற பள்ளிக்கூடத்துக்குக் குடுங்க, ஒருநாள்கூட சும்மா கெடக்காது, அதுக்கு நான் பொறுப்பு" என்று நீ சொல்லி வாங்கியவை அவை என்று எனக்குத் தெரியும். வந்த அன்று பிள்ளைகள் அவற்றுக்கு வெளிச்ச சிலேட்டு என்று பெயர் வைத்தார்கள். தலைமையாசிரியை கெமிரெம்பே அம்மையார் ஒரு ஜெபம் சொன்னார். நான் ஓர் உரை ஆற்றினேன். அதன்பின் எட்டு வாரம், மகளே, அந்த சிலேட்டுகளை வைத்து முழு வகுப்புக்கும் ஒரு பாடம்கூட நடக்கவில்லை.

சோம்பல் என்று நினைக்காதே. என் வகுப்பில் எண்பத்தேழு பிள்ளைகள். ஒரு நோட்டுக்கு ஒரு நிமிடம் என்றாலும் திருத்த ஒன்றரை மணி நேரம் ஆகும், அதிலும் ஒவாபெரியா என்கிற பெண் எழுதிய நோட்டை ஒரு நிமிடத்தில் படிக்க எந்தத் தகப்பனுக்குப் பிறந்தவனாலும் முடியாது. ஆறாம் வகுப்பு டீச்சர் பிரசவத்துக்குப் போயிருப்பதால் அவருடைய கணக்கும் என் தலையில். காலையில் கழிப்பறை மேற்பார்வை, இடைவேளையில் கஞ்சி ஊற்றும் வரிசை, வியாழன் தோட்டம், வெள்ளி பாட்டுப்போட்டி ஒத்திகை. இதற்கு நடுவே எத்தனை பிள்ளைக்குச் செருப்பு இருக்கிறது, எத்தனை பிள்ளைக்குக் கொசுவலை இருக்கிறது என்று கேட்டு வாராவாரம் ஒரு படிவம் வரும். போதாக்குறைக்கு, வாத்தியார் என்பதனால், யாருடைய ஆடு யாருடைய அவரைக் கொடியைத் தின்றது என்கிற வழக்கும் பள்ளிக்கூட வாசலுக்கே வரும். நாற்பது நிமிடப் பாடவேளையில் நான் பேசுவது இருபது நிமிடம்தான், மிச்சம் "உட்காரு", "நகரு", "பென்சிலைக் குடு".

இருந்தும் முயன்றேன். முதல் முயற்சி பிப்ரவரியிலேயே, அறிவியல் பாடவேளையில், மனித இதயம். சார்ஜ் ஏற்றவே நான்கு நாள் ஆகியிருந்தது. சூரியத் தகட்டிலிருந்து வரும் ஒரே பிளக்கு கெமிரெம்பே அம்மையார் அறையில் இருக்கிறது, அதில் ஒரு தடவைக்கு நான்கு சிலேட்டுதான் செருகலாம், பனி மூடிய நாளில் அதுவும் ஏறாது, ஏறியதை அம்மையார் "சும்மா திறந்து பாத்தேன் சார்" என்று இறக்கிவிடுவார். எப்படியோ எல்லாம் நிறைந்த ஒரு புதன்கிழமை, பெஞ்சுக்கு ஒன்றாகக் கொடுத்தேன். திறந்ததும் அது மொழி கேட்டது, நாடு கேட்டது, தேதி கேட்டது. ஒவாபெரியா ஏதோ ஒரு மொழியைத் தொட்டுவிட்டாள். அதற்குப்பின் அந்த சிலேட்டு கோழி கிளறிய மண் மாதிரி ஓர் எழுத்தில்தான் பேசுகிறது, இன்றுவரை அதைத் திருப்ப யாராலும் முடியவில்லை. கடைசி பெஞ்சில் இதயம் வந்து சேர்ந்தபோது மணி அடித்துவிட்டது. திரும்ப வாங்கி எண்ணினேன், இருபத்தைந்து இருந்தது. ஒன்று குறைந்தால் தேடலாம், ஒன்று கூடினால் எங்கே போய்த் தேடுவது? மறுபடியும் எண்ணினேன், இருபத்தைந்து. கஞ்சி ஆறிக்கொண்டிருக்க, எண்பத்தேழு பேரையும் நிறுத்திவைத்து, யார் வீட்டிலிருந்து கொண்டுவந்தது என்று விசாரித்தேன். கடைசியில் அகாம்புரிரா என்கிற பையன், கறுப்பு அட்டை போட்ட தன் பாட்டுப் புத்தகத்தையும் பயபக்தியோடு அடுக்கிவைத்திருந்தான் என்று தெரிந்தது. "எல்லாரும் வச்சாங்க சார், நானும் வச்சேன்" என்றான்.

சரி, பாட்டு ஒத்திகையில் அரை மணி கேட்டுப் பார்ப்போம் என்று அம்மையாரிடம் போனேன். "கெசேக்கியா சார், போன வருஷம் நாம எத்தனாவது இடம்?" என்று கேட்டார். ஒன்பதாவது என்றேன். "மொத்தம் எத்தனை பள்ளிக்கூடம்?" ஒன்பது என்றேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அடுத்து, பள்ளி விட்டபின் பிள்ளைகளை அரைமணி நிறுத்திவைத்தேன். மூன்றாம் நாள் அகாம்புரிராவின் தாய், தோளில் மண்வெட்டியோடு வாசலில் வந்து நின்றாள்.

"வாத்தியாரே, நாலு மணிக்கு மேல ஆச்சு. ஆடு மூணும் கட்டுல நின்னு கத்துதுங்க. புள்ளைய எப்ப விடுவீங்க?"

"கொஞ்சம் பொறும்மா. இதயத்தப் பத்திப் படிக்கிறாங்க."

"ஆட்டுக்கும் இதயம் இருக்குங்க. அது இப்ப பசியில கெடந்து அடிச்சுக்குது."

பிள்ளையை விட்டுவிட்டேன். அவன் எழுந்ததும் மற்றவர்களுக்கும் வீட்டில் ஆடு இருப்பது ஞாபகம் வந்துவிட்டது.

பிறகு விடியற்காலை. ஆறரைக்கு வரச் சொன்னேன். பனி முகத்தை அறையும் நேரம், நானே தடவித் தடவித்தான் பள்ளிக்குப் போனேன். பதினொரு பேர் வந்தார்கள். ஒருவருக்கு ஒரு சிலேட்டு, வசதியாகத்தான் இருந்தது, பாடமும் நடந்தது. இரண்டு நாள் போனபின்தான் அந்தப் பதினொரு முகத்தையும் ஒழுங்காகப் பார்த்தேன். எல்லாம் சாலையோரத்து வீட்டுப் பிள்ளைகள், கடைக்காரர் பிள்ளைகள், என் வகுப்பில் ஏற்கெனவே முதல் பதினொரு இடத்தில் இருப்பவர்கள். எதிர்மலையிலிருந்து ஒரு மணி நேரம் நடந்து வருகிற பிள்ளைகள், நீ எந்தப் பிள்ளைகளை நினைத்து நமுலோண்டோ அம்மாளிடம் பேசினாயோ அந்தப் பிள்ளைகள், பாடம் முடிந்து நான் சிலேட்டைப் பூட்டும்போது கால் நனைந்து உள்ளே வந்தார்கள். நின்சீமா என்கிற பெண் பூட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தன் பெஞ்சில் போய் உட்கார்ந்து கால் சேற்றைத் துடைத்தாள். மறுநாளிலிருந்து அதை நிறுத்திவிட்டேன்.

இதுவரை எழுதியது எல்லாம் சாக்கு. இனி எழுதப்போவதுதான் விஷயம்.

மார்ச் பாதியில் உன் அலுவலகத்திலிருந்து சனிக்கிழமைதோறும் போனில் ஒரு கேள்வி வர ஆரம்பித்தது: இந்த வாரம் எத்தனை மணி நேரம் பயன்படுத்தினீர்கள்? முதல் சனிக்கிழமை நான் சந்தையில் முட்டைக்கோஸ் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தேன். பூஜ்யம் என்று போட விரல் போனது. உன் நினைப்பு வந்தது. நான்கு என்று போட்டேன். அடுத்த வாரமும் நான்கு. அதற்கடுத்த வாரம் நான்கு, 'மாணவர்கள் மிகுந்த ஆர்வம் காட்டுகிறார்கள்' என்று ஒரு வரியும் சேர்த்தேன், அதை யாரும் கேட்கவே இல்லை. இருபத்தாறு வருடம் பிள்ளைகளிடம் "பாக்காத விடையை எழுதாதே" என்று சொன்னவன் நான். மூன்றாம் வாரம் நீ போன் பண்ணி, "அப்பா, உங்க அறிக்கையை மேடம் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் படிச்சாங்க, மத்த பள்ளிக்கூடமெல்லாம் ரெண்டு மணி நேரம்தானாம்" என்றாய். உன் குரலில் அவ்வளவு சந்தோஷம். நான் இருமல் வந்தமாதிரி இருமி, உன் அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். அன்று எனக்கு இருமல் இல்லை.

அதற்கப்புறம் நடந்ததைக் கேள். நான் நடத்தினேன் என்று சொல்லமாட்டேன், நடந்தது.

ஏப்ரல் எட்டாம் தேதி, செவ்வாய், பத்தேகால் மணி. இங்கே மழை எப்படி வரும் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை, நீயும் அந்தத் தகரக் கூரைக்கடியில் படித்தவள்தான். மழை இறங்கினால் நான் சாக்கட்டியைக் கீழே வைத்துவிடுவேன். தொண்டை கிழியக் கத்தினாலும் முதல் பெஞ்சுக்குக் கேட்காது. பிள்ளைகள் தலையைக் கவிழ்த்துப் படுப்பார்கள், நான் ஜன்னலோரம் நிற்பேன். ஆலங்கட்டி விழுந்தால் இன்னும் நிம்மதி, நோட்டுகூடத் திருத்த முடியாது. இருபத்தாறு வருடம் மழை எனக்குக் கொடுத்த விடுமுறையை நான் ஒருநாளும் நேரம் என்று நினைத்ததே இல்லை.

அன்று கூரையில் புதிதாக ஓர் ஓட்டை, சரியாக சிலேட்டுகளைப் பூட்டிவைக்கிற அலமாரிக்கு மேலே. தண்ணீர் ஒழுகி உள்ளே இறங்குவதைப் பார்த்ததும் எனக்கு நமுலோண்டோ அம்மாள் முகம் கண்முன் வந்தது, அவரை நான் பார்த்ததே இல்லை, இருந்தாலும் வந்தது. ஓடிப்போய்த் திறந்து, அள்ளி, பெஞ்சுக்கு ஒன்றாகப் பிள்ளைகள் மடியில் போட்டேன். நனையாமல் பிடித்துக்கொள்ளுங்கள் என்று கையால் காட்டினேன். ஸ்வெட்டருக்குள் வைக்கச் சொல்லித்தான் காட்டினேன், அவர்கள் திறக்கச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்கள். மொழி, நாடு, தேதி எல்லாம் முதல் நாளே தாண்டியிருந்ததால் நேராக இதயம் வந்து நின்றது.

மழைக்கு அறை இருட்டியிருந்தது. ஒவ்வொரு பெஞ்சிலும் ஒரு வெளிச்சம், அதைச் சுற்றி மூன்று நான்கு முகம். படத்தில் இதயம் விரிந்து சுருங்குகிறது, நீலமாக உள்ளே போகிற ரத்தம் சிவப்பாக வெளியே வருகிறது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, அவர்களுக்கும் ஒன்றும் கேட்கவில்லை. ஒருத்தர் தோளை ஒருத்தர் தட்டி, விரலால் காட்டிப் பேசிக்கொண்டார்கள். அப்போது நின்சீமா தன் உள்ளங்கையை நெஞ்சில் வைத்தாள். படத்தைப் பார்த்தாள். பக்கத்துப் பெண்ணின் நெஞ்சில் வைத்துப் பார்த்தாள். பிறகு அந்த பெஞ்சு முழுவதும், அப்புறம் முன் பெஞ்சு, கொஞ்ச நேரத்தில் எண்பத்தேழு பிள்ளைகளும் நெஞ்சில் கைவைத்து அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் சொல்லவில்லை. நானும் வைத்துக்கொண்டேன்.

இந்த நேரத்தில்தான் கெமிரெம்பே அம்மையார் கதவருகே வந்தார். அத்தனை பேரும் நெஞ்சில் கைவைத்திருப்பதைப் பார்த்து, மழைக்குக் கோணிச் சாக்கைத் தலைக்குமேல் பிடித்தபடியே அவரும் விறைத்து நின்று கையை வைத்துவிட்டார். நாங்கள் தேசிய கீதம் பாடுகிறோம், மழையில் கேட்கவில்லை என்று நினைத்தாராம். ஒன்றரை நிமிடம் நின்றபின், கீதம் முடியாததைக் கண்டு, என் காதோடு வந்து கத்தினார்.

"எந்த வரியில இருக்கீங்க?"

"பாட்டு இல்ல மேடம். பாடம்."

"யாரு நடத்துறா?"

உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது, அந்தக் கேள்வி எனக்கு வலித்தது. நாற்பத்தைந்து நிமிடம் அந்த அறையில் யாருக்கும் நான் தேவைப்படவில்லை. ஜன்னலோரம் போய் நின்றுகொண்டு, இனி என்னை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்றுகூட நினைத்தேன்.

பதினோரு மணிக்கு மழை நின்றது. எப்போதும் மழை நின்றால் பிள்ளைகள் வெளியே ஓடுவார்கள். அன்று யாரும் எழுந்திருக்கவில்லை. சட்டென்று காது திறந்தமாதிரி எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"சார், தூங்கும்போதும் இது அடிக்குமா? அதுக்கு யாரு ஞாபகப்படுத்துவா?"

"பயந்தா ஏன் சார் வேகமா அடிக்குது? பயம் அங்கயா இருக்கு?"

"எங்கம்மா வயித்துல பாப்பா இருக்கு. அப்ப அம்மாவுக்கு ரெண்டு இதயமா சார்?"

கடைசிக் கேள்வி நின்சீமாவுடையது. இந்த வருடம் அவள் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி. தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததை நாளைக்குச் சொல்கிறேன் என்றேன், அன்று சாயங்காலம் சுகாதார நிலையத்து நர்சிடம் போய் நான்கு கேள்விக்கு விடை கேட்டு எழுதிக்கொண்டுவந்தேன். ஜன்னலோரம் நினைத்ததை அதோடு விட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து மழை வந்தால் சிலேட்டு. ஒழுகுகிற ஓட்டையைத் தாரால் அடைத்து, அலமாரியை நகர்த்திவைத்திருக்கிறேன். காலையில் மேகத்தைப் பார்த்துச் சார்ஜ் ஏற்றுகிறேன். யாருடைய நேரத்தையும் பிடுங்கவில்லை. பாட்டும் நடக்கிறது, ஆடும் மேய்கிறது, எதிர்மலைப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பள்ளி நேரத்தில் இதுவரை ஒன்பது மழை. கெமிரெம்பே அம்மையார் கால அட்டவணையின் அடியில் சிவப்பு மையால் 'மழை வந்தால்: கணினி, ஐந்தாம் வகுப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒட்டியிருக்கிறார். இதனால் ஒரு சச்சரவும் வந்திருக்கிறது. ஏழாம் வகுப்பு துமுகூண்டே வாத்தியார், மத்தியான மழை தனக்கு வேண்டும் என்கிறார். "நேத்துப் பெஞ்சதும் நீங்க எடுத்துக்கிட்டீங்க, முந்தாநாள் பெஞ்சதும் உங்களுக்கு. எங்க புள்ளைங்க மேல மழை பெய்யலையா சார்?" என்று ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் கேட்டார். நியாயம்தான். இரண்டு மணிக்குமேல் பெய்தால் அவருக்கு என்று விட்டுக்கொடுத்திருக்கிறேன்.

மகளே, இப்போது கணக்கு இது. மார்ச்சில் நான் சொன்ன பன்னிரண்டு மணி நேரமும் பொய். ஏப்ரலில் ஆறு மணி ஐம்பது நிமிடம், அது உண்மை, ஒவ்வொரு மழையும் தொடங்கிய நேரமும் நின்ற நேரமும் நோட்டில் இருக்கிறது. இந்தக் கவருக்குள் திருமதி நமுலோண்டோவுக்குத் தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன். அதில் இதையெல்லாம் சுருக்கமாக எழுதி, பொய் என்னுடையது, என் மகளுக்கு ஒன்றும் தெரியாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதைக் கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம் என்று முதலில் எழுதினேன், அடித்துவிட்டேன். கொடுத்துவிடு. அவர் சிலேட்டுகளைத் திருப்பிக் கேட்டால் நானே துடைத்து, பெட்டியில் அடுக்கி, இருபத்துநான்கா என்று எண்ணி அனுப்பிவைக்கிறேன். கேட்காவிட்டால் எங்களுக்கு உங்களிடமிருந்து வேறு ஒன்றும் வேண்டாம். நேரம் கிடைத்துவிட்டது, அது மேலேயிருந்து தானாக வருகிறது.

உன் வேலைக்கு இதனால் கெடுதல் வந்தால் என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கமாட்டேன். வந்ததென்று மட்டும் எழுது, நான் பஸ் ஏறி வந்து அந்த அம்மாள் முன்னால் நிற்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. கம்பாலாவில் விற்கிற உருளைக்கிழங்கை நம்பாதே, டிரைவரிடம் அரை மூட்டை கொடுத்திருக்கிறேன். ஆண்டவர் உன் போக்கையும் வரவையும் காப்பாராக. அம்மாவும், தம்பிமாரும், புதுக் கன்றும் உன்னை விசாரித்தார்கள்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள தகப்பன்,
கெசேக்கியா பாம்வெரிந்தே,
ஐந்தாம் வகுப்பு ஆசிரியர்.

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகிற நேரத்தில் மரப்பட்டறைக்காரர் செபுரோனி வீட்டுக்கு வந்தார். புதன்கிழமை மழைக்கு நம் பள்ளித் தாழ்வாரத்தில் ஒதுங்கினாராம். உள்ளே எட்டிப் பார்த்தால், அந்தக் கூரைச் சத்தத்தில் வாத்தியார் ஊமையாக நிற்கிறார், பிள்ளைகள் எல்லாம் தலைகுனிந்து மடியையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் நின்ற இடத்திலிருந்து மடியில் இருந்தது தெரியவில்லை. மனிதருக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. பெற்றோர் சங்கத்தைக் கூட்டிப் பேசி, வகுப்பறைகள் எல்லாவற்றுக்கும் கூரைக்கடியில் பலகை அடித்து, எவ்வளவு மழை பெய்தாலும் சத்தமே கேட்காதபடி செய்துதருவதாக முடிவாகிவிட்டது. மரம் அறுத்தாயிற்று. "இனிமே நீங்க வருஷம் பூரா பேசலாம் வாத்தியாரே" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. நான் என்ன சொல்வேன்? நன்றி சொன்னேன். எந்த அறையில் தொடங்கலாம் என்று கேட்டார். ஆசிரியர் அறையில் தொடங்குங்கள், பிறகு தலைமையாசிரியை அறை, பிறகு ஏழாம் வகுப்பு, பிறகு சின்னப் பிள்ளைகள், சாமான் அறைக்கும் அடித்தால் நல்லது, என் வகுப்பு கடைசியில் இருக்கட்டும், எனக்கு ஒன்றும் அவசரமில்லை என்றேன். இப்படித் தன்னலம் இல்லாத வாத்தியாரை இந்த மலையில் பார்த்ததில்லை என்று அவர் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போகிறார். இதை நமுலோண்டோ அம்மாளுக்கு எழுதிய தாளில் நான் சேர்க்கவில்லை. நீயும் சொல்லவேண்டாம்.